ஒன்பதாவது கட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது: அந்த ஒன்பதாவது கட்டம் இப்போது நெடுவாகைப் பேரூராட்சி அலுவலகத்தில் இல்லை, ஆகவே தொலைந்த கொலுசு, ஓடிப்போன மாடு, கல்யாணத்துக்கு இரவல் போய்த் திரும்பி வராத அண்டா என்று எதையும் தேடித் தரச் சொல்லி யாரும் பஸ் ஏறி வர வேண்டாம், வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவேனே தவிர வேறொன்றும் என்னால் ஆகாது. அது இருந்த பதினாலு மாதத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். என் பேர் ஞானசுந்தரி, கோவில்பட்டிக்காரி, எட்டு வருஷமாக இந்த ஊர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற வேலை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று இங்கே சொல்வார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் விண்ணப்பம் நிரப்பிப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

ஊர்ப் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு எட்டுக் கட்டம். வீட்டு எண், பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, தொழில், ரேஷன் கார்டு எண், போன் எண். மொத்தம் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரி. தொழில் என்ன என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல ஒரு மனுஷன் இந்த ஊரில் கிடையாது. "காலையில பால் கறப்பேன், பதினோரு மணிக்கு மேல கொத்தனார் வேல, சாயங்காலம் சும்மா இருப்பேன், சும்மா இருக்கறதயும் எழுதிக்கிடுங்கம்மா" என்பார்கள். பிறந்த தேதி கேட்டால் பாதி ஊர் ஜூன் ஒண்ணாம் தேதி பிறந்திருக்கும், அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்தநாள், பெற்ற தாய் சொல்வது வேறு, "அவன் பொறந்த அன்னைக்குத்தான் குளம் ஒடைஞ்சுது" என்பாள், அதை நான் எந்தக் கட்டத்தில் கொண்டுபோய்ப் போடுவது?

அதனால் ஒருநாள் கோபத்தில், யாரையும் கேட்காமல், கடைசியில் ஒன்பதாவதாக ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதற்கு ‘இதர’ என்று தலைப்பிட்டு, "என்னத்த வேணாலும் சொல்லுங்க, எழுதுதேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். அவர்களும் சொன்னார்கள். ஒருத்தர் கட்டத்தில் மூன்றே சொல், ஒருத்தர் கட்டத்தில் மூன்று பக்கம், ஒருத்தர் கட்டத்துக்குள் நாய், நாய்க்குள் நாயின் பெயர், அதற்குள் நாய் கடித்த ஆட்கள், அந்த ஆட்களுக்குள் யார் ஊசி போட்டுக்கொண்டார் யார் போட்டுக்கொள்ளவில்லை என்று கிளை விட்டுக் கிளை போனது, ஒருத்தர் கட்டத்தில் இருக்கிற சங்கதி இன்னொருத்தர் கட்டத்தில் பேருக்குக்கூட இருக்காது. அந்தக் கட்டமும் போதும் என்று சொன்னதே இல்லை, போடப் போட வாங்கிக்கொண்டது.

அப்படி இருக்கும்போது தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறந்துபோய், மேலே ஏற நீள ஏணி இல்லாமல், எங்கள் செயல் அலுவலர் குற்றாலிங்கம் சார், ரொம்ப நல்ல மனுஷர், ஆனால் மாவட்டத்திலிருந்து போன் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எடுப்பார், அவர் வந்து "ஏணி யார்ட்டயாவது இருக்கான்னு பாரும்மா" என்றார். நான் ஒன்பதாவது கட்டத்தில் ‘ஏணி’ என்று அடித்துத் தேடச் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

கீழத்தெரு முதல் வீட்டில் ஒன்றாம் வரி சப்பாணிமுத்து பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், வரிசையில் பின்னால் நிற்கிறவர் தொடுகிற மாதிரி யாரோ தோளைத் தொடுவதை உணர்ந்து, நுரையைத் துப்பிவிட்டு, "எங்கிட்ட இல்ல" என்றார். அடுத்த நொடி அவர் மனைவி "எங்கிட்ட இல்ல" என்றாள். அதற்கடுத்த நொடி பக்கத்து வீடு, அதற்கடுத்து அதற்கும் பக்கத்து வீடு, இப்படி ஆளுக்கு ஒரு நொடி, வரிக்கு ஒரு ‘இல்ல’, கீழத்தெருவிலிருந்து நடுத்தெரு, நடுத்தெருவிலிருந்து மேலத்தெரு என்று தேடல் வீடு வீடாக நடந்து போக, ஆயிரத்துச் சொச்சம் வரியில் தையல்கார பொன்னுலிங்கம் மட்டும் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றார். பதினாறடி ஏணி அவர் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. ஐம்பத்தேழு நிமிஷத்தில் ஊர் முழுக்கக் கேட்டு முடித்து, கடைசி வரி மரியசெல்வம் "எங்கிட்ட இல்ல" என்று சொன்னதும் எல்லாரும் விட்ட வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஏன், எப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எதற்காவது கூப்பிடுகிறார்கள், இருந்தால் இருக்கிறது என்கிறோம், இல்லாவிட்டால் இல்லை என்கிறோம், இதில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். முதல் மாதம் மட்டும் கொஞ்சம் சிக்கல். யாரோ பசு மருந்து தேடின நேரத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு "எங்கிட்ட இல்ல" என்று சொல்லிவிட, பெண்ணின் தாய்மாமன் "எது இல்ல மாப்ள?" என்று எழுந்து நிற்க, பத்து நிமிஷம் பந்தலே அமளிதுமளி. அதற்குப் பிறகுதான் ஊர் கூடி, செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்கு மட்டும் தேடுவது, தேடுமுன் அலுவலக மணியை மூன்று தடவை அடிப்பது என்று வைத்தார்கள். மணி கேட்டால் முடி வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார், பஸ் டிரைவர் ஓரம் கட்டுவார். சப்பாணிமுத்து செவ்வாயும் வெள்ளியும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்பார், ஊரில் முதல் ‘இல்ல’ அவருடையது அல்லவா. நடுத்தெரு ‘இல்ல’ சொல்லும்போது பருப்பு வெந்திருக்கும், மேலத்தெரு சொல்லும்போது சோறு வடிக்கலாம் என்று பெண்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பதினொரு வருஷம் பேச்சை நிறுத்தின அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வரி, வாரம் இரண்டு தடவை ஒருத்தர் சொன்னதும் ஒருத்தர் ‘இல்ல’ சொல்லிச் சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை மூத்தவர் "ஏல, தொண்ட கட்டியிருக்கே, சுக்குத் தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டார். துபாயில் கம்பி கட்டுகிற எங்கள் பையன்கள் அந்த வெயிலில் "எங்கிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு, ஊர் கூப்பிடுது என்று சிரித்துக்கொள்வார்களாம். இறந்துபோன சண்முகையாவின் வரியை நான் இன்னும் எடுக்காமல் வைத்திருந்தேன், அவர் முறை வரும்போது ஒரு நொடி தெருவே வெறுமையாக இருக்கும், பிறகு அவர் சம்சாரம் "அவியகிட்டயும் இல்ல" என்பாள்.

குற்றாலிங்கம் சார் ஒருமுறை, "இத்தன நேரம் ஆகணுமாம்மா? ஒரு நொடியில முடியாதா?" என்றார்.

"எட்டுக் கட்டத்துல உள்ளதக் கேளுங்க சார், கண்ண மூடித் திறக்குமுன்ன சொல்லுதேன். அது அலமாரியில அடுக்கி வச்ச பாத்திரம். ஒன்பதாவது கட்டம் ஆளாளுக்கு ஒரு மூட்ட. ஒவ்வொரு மூட்டையா அவுத்துப் பாக்காம எப்படித் தெரியும்?"

சார் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவருக்கு என்னிடம் பயம்தான்.

பதினாலாவது மாதம் மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லா ஊர்ப் பதிவேடும் புதிய மென்பொருளுக்கு மாறப் போகிறது, அதில் எட்டே கட்டம், ஒன்பதாவது எங்கேயும் இல்லை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதை நீக்கிவிட்டு மற்றதை அனுப்பவும். ஆக மிச்சம் இருந்தது ஒரே ஒரு தேடல், வெள்ளிக்கிழமை பதினோரு மணித் தேடல். அதற்கு வியாழக்கிழமை அலுவலக வாசலில் பதினேழு பேர் நின்றார்கள். ஒருத்திக்கு மூக்குத்தி, ஒருத்தருக்குத் தொலைந்த பத்திரம், ஒருத்தருக்குக் காலேஜில் கூடப் படித்தவனின் விலாசம். பதினெட்டாவதாக வந்து நின்றவர் வெளியூர்க்காரர்.

அவர் பேர் வெயிலுமுத்து. ஐம்பத்தேழு வயது, கதிர் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவர். அறுப்பு எங்கேயோ அங்கே மெஷினோடு போவார், நாலு நாளாக எங்கள் ஊர் வயலில் நின்றார். சட்டை முழுக்க வைக்கோல் தூசி.

"ஆளத் தேடலாமாம்மா?" என்றார்.

"பேர் என்ன?"

"பேர மாத்தியிருப்பாவ."

"வயசு?"

"அம்பது இருக்கணும். ஆனா அதுவும் மாத்தியிருப்பாவ."

"பேருந் தெரியாது, வயசுந் தெரியாது. பொறவு என்னத்த வச்சுத் தேட?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதினேழு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அப்பா இறந்த வருஷம், மழையும் இல்லாத வருஷம், அம்மாவால் இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற முடியாமல், பிள்ளை இல்லாத ஒரு தம்பதிக்கு நாலு வயசுத் தங்கச்சியைக் கொடுத்துவிட முடிவு செய்தாளாம். இவருக்கு அப்போது பதினொரு வயசு. பஸ் ஸ்டாண்டில் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றிருக்கிறார். அவளைக் கூட்டிப்போக வந்த ஆள் இவருக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தாராம்.

"அந்தக் காலத்துல கலரு குடிச்சா பாட்டில கடையில திருப்பிக் குடுக்கணும்லாம்மா. குடிச்சிட்டுப் பாட்டிலக் குடுத்துட்டு வாரேன், பஸ் போயிட்டு. கலருக்கு ஆசப்பட்டு கைய விட்டுட்டேன்." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நாப்பத்தாறு வருசமாச்சு. ஊரு ஊரா மெஷின ஓட்டுதேன். எல்லா ஊர்லயும் கேட்டாச்சு. இப்ப முகம் எப்படி இருக்கும்னுந் தெரியாது. ஒண்ணே ஒண்ணு தெரியும். எந் தங்கச்சி பேச்சி தூக்கத்துல சிரிப்பா. சத்தமா மூணு சிரிப்பு. சிரிச்சிட்டு, ‘இன்னொருக்கா!’ன்னு கத்துவா. அம்மையும் சாகுத வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தா."

மூக்குத்திக்காரி முதலில் விலகினாள். "எம் மூக்குத்தி கெடக்கட்டும், இவியளுக்குத் தேடுங்க" என்றாள். பிறகு பத்திரக்காரர், பிறகு மற்றவர்கள். பதினேழு பேரும் விலகிப் போனார்கள். நான் திரையைப் பார்த்தபடியே "கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்" என்று ஒரு அதட்டல் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அலுவலக மணியை மூன்று தடவை அடித்து, ‘தூக்கத்தில் சிரிப்பு’ என்று அடித்தேன். இன்ன வார்த்தைதான் எழுதியிருப்பேன் என்று நிச்சயம் இல்லாததால் சிரிப்பது, சிரிக்கும், சிரித்தாள் என்று எல்லாவற்றையும் சேர்த்தே போட்டேன். சப்பாணிமுத்து அன்றைக்குப் புது வேட்டி. அவர் ‘இல்ல’ சொல்ல, வெயிலுமுத்து அந்த ‘இல்ல’வோடு கூடவே நடந்தார். தேடல் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வாசலில் அவர் நின்றார், அவர்கள் முகத்தைப் பார்த்தார், ‘இல்ல’ கேட்டார், அடுத்த வாசலுக்குப் போனார், அவர் பின்னால் ஊரில் பாதி நடந்தது. இரண்டாயிரத்து இருநூற்று ஆறாம் வரியில், நடுத்தெரு நாற்பத்தொன்றாம் நம்பர் வீட்டு முற்றத்தில், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆவுடையம்மாளின் வலது கை கீரைக் கொத்தோடு மேலே போனது.

தெருவே ஓ என்று கூவியது. வெயிலுமுத்து ஓடிப்போய் முன்னால் நின்று அவளையே பார்த்தார்.

"என்னவே, என்ன விசயம்?" என்றாள் ஆவுடையம்மாள். விஷயத்தைச் சொன்னார்கள். "நானா? தூக்கத்துலயா? தூங்குனாத்தானவே சிரிக்க! முழங்கால் வலி வந்து பன்னெண்டு வருசமாச்சு, நான் கண்ண மூடுனதே இல்ல. எனக்கு அறுபத்துமூணு வயசு, எங்கய்யா எங்காத்தாவ ஊருக்கே தெரியும். நானாவது இவருக்குத் தங்கச்சியாவது!"

அதற்குள் தேடல் மேலத்தெருவுக்குப் போய்விட்டது. ஐம்பத்தேழு நிமிஷமும் முடிந்து மரியசெல்வம் ‘இல்ல’ சொல்லியாயிற்று. வேறு ஒரு கையும் எழும்பவில்லை. வெயிலுமுத்து தரையில் உட்கார்ந்து, "அவ இந்த ஊர்லயும் இல்ல" என்றார்.

எனக்கு வந்ததே கோபம், என்மேலேயே. தேடல் பொய் சொல்லாது. ஆவுடையம்மாளின் கட்டத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது என்றால் அதை நான்தான் அடித்திருக்கிறேன். "நீங்க சொல்லாம நான் எப்படி எழுதியிருப்பேன்?" என்று அவளிடமே கேட்டேன்.

"நான் சொல்லல. வேற எவளாவது சொல்லியிருப்பா, ‘ஆவுடையக்காதான் தூக்கத்துல சிரிக்கா’ன்னு. நீங்களும் எழுதியிருப்பீய." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கம்ப்யூட்டரம்மா, எட்டு வருசமா இந்த ஊர்த் தண்ணியக் குடிக்கிய. இங்க எவளாவது தன்கிட்ட உள்ள நல்லதத் தன்னுதுன்னு சொல்லிக் கேட்டிருக்கியளா? எம் மாடு ஆறு லிட்டர் கறந்தா பக்கத்து வீட்டு மாடு கறக்குன்னுதான் சொல்லுவேன். கண்ணு பட்டுராதா? தூக்கத்துல சிரிக்க பொம்பள இருந்தா அந்த வீட்டுல லச்சுமி கால நீட்டி ஒக்காந்திருப்பான்னு சொல்லுவாவ. அத எவளாவது ‘நான்தான்’னு வந்து எழுதுவாளா? பக்கத்து வீட்டு மேல ஏத்தித்தான் விடுவா."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பதினாலு மாதமாக ஏணியும் அண்டாவும் சரியாகக் கிடைத்தது, அதெல்லாம் வெறும் சாமான். ஆனால் இந்த ஊரின் நல்லதெல்லாம் ஒரு வீடு தள்ளி என் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாது.

இன்னொரு தேடலுக்கு ஊர் ஒத்துக்கொண்டாலும் பிரயோசனம் இல்லை. ஆனால் ஊர் முழுக்க எதற்குக் கேட்கணும்? எட்டுக் கட்டம் இருக்கிறதே! ஓடிப்போய் வீட்டு எண் கட்டத்தைப் பிடித்தேன். நாற்பத்தொன்றுக்குக் கிழக்கே நாற்பது, மேற்கே நாற்பத்திரண்டு, எதிரே ஐம்பத்தெட்டு, பின்னால் குளம். அந்த மூன்று வீட்டிலும் நாற்பத்தைந்துக்கு மேல் ஐம்பத்தைந்துக்குள் பெண்கள் யார் என்று பிறந்த தேதிக் கட்டத்தைக் கேட்டேன். கண்ணை மூடித் திறக்குமுன் மூன்று பேர் வந்தார்கள்: செந்தூர்க்கனி, பூரணம், வள்ளிமயில். நான் அத்தனை நாள் கரித்துக்கொட்டின எட்டுக் கட்டத்துக்கு அன்றைக்கு மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

மூன்று பேரிடமும் போய்க் கேட்டோம். "தூக்கத்துல சிரிக்கது யாரு?" செந்தூர்க்கனி பூரணத்தைக் காட்டினாள், பூரணம் வள்ளிமயிலைக் காட்டினாள், வள்ளிமயில் "எல்லாம் ஆவுடையக்காதான்" என்றாள். "உங்கள வளத்தவுகளும் பெத்தவுகளும் ஒரே ஆளுதானா?" என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்க முடியுமா? வளர்த்தவர்கள் சொல்லியிருப்பார்களோ மாட்டார்களோ, ஒருத்தியின் ஐம்பது வருஷத்தை வாசலில் போட்டு உடைக்கிற உரிமை எனக்கு ஏது?

வெயிலுமுத்துவின் மெஷின் மாலை ஆறு மணிக்கு லாரியில் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறது. மணி அப்போது பன்னிரண்டரை.

"தூங்க வச்சிருவோம்" என்றாள் ஆவுடையம்மாள்.

"என்னது?"

"பகல்ல தூங்க வைக்கணும்னா தேங்காப்பால்ல சொதி வைக்கணும். சொதிய ரெண்டு கை அள்ளித் தின்னுட்டு எவ முழிச்சிருந்திருக்கா?"

அதன் பிறகு நடந்ததை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. நடுத்தெருவில் வீட்டுக்கு ஒரு தேங்காயாக இருபத்திரண்டு தேங்காய் வந்தது, உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் வந்தது, பொன்னுலிங்கம் தையல் கடையை அடைத்துவிட்டு வந்து தேங்காய் துருவினார், குற்றாலிங்கம் சார் மாவட்டத்துப் போனை எடுக்காமல் அடுப்பு ஊதினார், முதல் பால் இரண்டாம் பால் மூன்றாம் பால் என்று பிழிந்து, ஒன்றரை மணிக்கு ஆவுடையம்மாள் வீட்டில் பந்தி. எதற்கு விருந்து என்று கேட்டவர்களிடம் "வள்ளிமயில் மகனுக்கு வேல கெடைச்சிருக்கு" என்றாள் ஆவுடையம்மாள். வேலை கிடைத்தது ஆவுடையம்மாளின் சொந்த மகனுக்குத்தான், ஊருக்கே தெரியும், யாரும் சிரிக்கவில்லை. வெயிலுமுத்துவே இலை போட்டுப் பரிமாறினார். மூன்று பெண்களுக்கும் கேட்காமலே இரண்டாம் தடவை சொதி ஊற்றினார், இஞ்சிப் பச்சடி வைத்தார், அப்பளம் வைத்தார்.

இரண்டரைக்கு மூன்று பேரும் கொட்டாவி விட்டபடி வீட்டுக்குப் போனார்கள். அதற்கப்புறம் ஊர் அடங்கின மாதிரி என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. மாவு மெஷின் நின்றது. கோயில் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். சேவல்களைப் பஞ்சாரக் கூடை போட்டு மூடினார்கள். இரண்டே முக்கால் பஸ்ஸை டிரைவர் மெயின் ரோட்டு விலக்கிலேயே நிறுத்த, ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். நடுத்தெருவில் ஐநூறு பேர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தோம். வெயிலுமுத்து நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு.

முதலில் செந்தூர்க்கனி வீட்டிலிருந்து குறட்டை. பிறகு வள்ளிமயில் வீட்டிலிருந்து அதைவிடப் பெரிய குறட்டை. மூன்று மணி ஆயிற்று. மூன்றே கால் ஆயிற்று. ஒருவேளை சிரிக்கிறவள் சிரிப்பை விட்டே வருஷக்கணக்கு ஆகியிருந்தால்?

நாற்பத்திரண்டாம் நம்பர் ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. வாய்விட்டு, வயிறு குலுங்கி, நாலு வயசுப் பிள்ளையின் சிரிப்பு. இரண்டாவது. மூன்றாவது. வெயிலுமுத்து எழுந்து நின்றார். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம்.

"இன்னொருக்கா!" என்று உள்ளேயிருந்து பூரணம் கத்தினாள்.

அந்த மனுஷன் அழுத அழுகையை என்ன சொல்ல. சத்தம் வராமல் இருக்கத் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதார். ஆவுடையம்மாள்தான் உள்ளே போய், "ஏட்டி பூரணம், எந்திரி, ஒன்னத் தேடி ஆள் வந்திருக்கு" என்று எழுப்பிக் கூட்டிவந்தாள். பூரணம் வாசலில் ஐநூறு பேரைப் பார்த்ததும், அவிழ்ந்த கொண்டையை முடிந்தபடி, "நான் சிரிக்கல, ஆவுடையக்காதான் சிரிச்சா" என்றாள்.

"சிரிச்சது தப்பில்லம்மா" என்றார் வெயிலுமுத்து. "கனவுல என்னத்தக் கேக்க, இன்னொருக்கான்னு?"

பூரணம் தெருவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வெளியூர்க்காரர் அழுதுகொண்டு கேட்கிறார், பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? "யாரோ ஒருத்தர் என்னத் தூக்கி மேல போட்டுப் பிடிக்காரு. முகந் தெரியாது. கையி மட்டுந் தெரியும். சின்னக் கையி, பெரிய மனுசக் கையி இல்ல. கீழ விழுந்திருவோமோன்னு நெனைக்கும்போது பிடிச்சிருவாரு. அதான் இன்னொருக்கா கேப்பேன். வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து இதே கனவுதான்." பிறகு, "ஏன் கேக்கிய?" என்றாள்.

"அது நான்தான் பேச்சி" என்றார் அவர். "அப்ப எனக்குப் பதினோரு வயசு."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். வளர்த்த அம்மா சாகும்போது, "நீ எங்களுக்குக் கெடைச்ச பிள்ள" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாளாம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அதை இருபது வருஷமாக மனசுக்குள் போட்டு வைத்திருந்தாள். அவர் கலர் வாங்கிக் குடித்ததைச் சொன்னார், பாட்டிலைக் கொடுக்கப் போனதைச் சொன்னார், மன்னிச்சுக்கோ என்று குனிந்தார். அவள் அவர் இரண்டு கையையும் இழுத்துத் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பதினோரு வயசுப் பிள்ளைக்குக் கலரு கெடைச்சா குடிக்காம என்ன செய்யும்?" என்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு அரை மணி இருந்தது. "அழுது முடிச்சாச்சுன்னா ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க. ஆவுடையக்கா கட்டத்துல கெடக்கது அரை மணி நேரமாவது சரியான ஆள்கிட்ட இருக்கட்டும்" என்றேன். சொன்னது கொஞ்சம் அதட்டலாகத்தான் இருந்திருக்கும், எனக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

தெருவே கூட வந்தது. நான் பூரணத்தின் வரியைத் திறந்து, ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, "என்ன எழுத? நீங்களே சொல்லணும். பக்கத்து வீடெல்லாம் வேண்டாம்" என்றேன். அலுவலகத்துக்குள்ளும் ஜன்னலிலும் வாசலிலும் ஆள். பூரணம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் இந்த ஊரில் வாழ்ந்தவள், தன் நல்லதைத் தன் வாயால் சொல்லிப் பழக்கமே இல்லாதவள், வெயிலுமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள், ஆவுடையம்மாளைப் பார்த்தாள், தலைப்பை எடுத்தாள்.

"நான்தான் தூக்கத்துல சிரிப்பேன்" என்றாள். "எனக்கு ஒரு அண்ணன் இருக்கு. நாப்பத்தாறு வருசமா என்னத் தேடுன அண்ணன். எனக்குத்தான். வேற யாருக்கும் இல்ல."

கூட்டத்தில் யாரோ ‘ஐயையோ’ என்றார்கள். உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட வேண்டிய நேரம், எல்லாரும் ஆவுடையம்மாளைப் பார்த்தோம். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏட்டி, மேலத்தெருவுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு" என்றாள்.